காலியாக நிற்கும் தளங்கள்

சிங்கப்பூர்த் துறைமுகம் 2024ஆம் ஆண்டில் 4.11 கோடி சரக்குப் பெட்டகங்களைக் கையாண்டது. இருபதடிப் பெட்டகத்தை ஓர் அலகாக வைத்துப் போடும் கணக்கு இது. நாற்பதடிப் பெட்டகம் இரண்டாக எண்ணப்படும். ஷாங்காய்க்கு அடுத்தபடியாக உலகில் இரண்டாம் இடம். ஆனால் இந்த இரண்டு துறைமுகங்களையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஷாங்காயின் முதுகுக்குப் பின்னால் யாங்சி ஆற்றுப் படுகை முழுவதும் தொழிற்சாலைகள் நிற்கின்றன. அவற்றின் சரக்கு கடலுக்கு வர வேண்டுமானால் அந்த வாசலைத்தான் தேடி வர வேண்டும். சிங்கப்பூருக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. சுமார் 60 லட்சம் மக்கள் வாழும் ஒரு நகரம், அவ்வளவுதான். அங்கே இறங்கும் பெட்டகங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை ஊருக்குள் நுழைவதே இல்லை. ஒரு கப்பலிலிருந்து இறங்கி, பெட்டகங்களை அடுக்கிவைக்கும் யார்டில் சில நாள் கிடந்து, இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடுகின்றன. அவை சிங்கப்பூருக்கு வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. கப்பல் நிறுவனம் ஒன்று முடிவெடுத்தால் அடுத்த மாதமே வேறு துறைமுகத்தில் கப்பல் மாறிக்கொள்ளலாம். தனக்கென்று சரக்கே இல்லாத ஒரு துறைமுகம் அரை நூற்றாண்டாக வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது என்றால், அந்த வளர்ச்சியைத் தாங்கிப் பிடிப்பது எது? பெரும்பாலோர் சொல்லும் பதில் அதன் அமைவிடம். இந்த அத்தியாயம் வேறொரு பதிலுக்காக வாதாடுகிறது. வேண்டுமென்றே பயன்படுத்தாமல் விட்டுவைக்கும் கொள்ளளவுதான் அந்தத் துறைமுகத்தின் உயிர்நாடி. அதை வீண் என்று நினைத்து நிரப்பிவிடும் நாளில் வளர்ச்சி நிற்கத் தொடங்கும்.

முதலில், கப்பல் மாற்றும் மையம் ஒன்று ஏன் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். 20 துறைமுகங்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க 190 தடங்கள் வேண்டும். அவற்றை நடுவிலுள்ள ஒரு மையத்தோடு மட்டும் இணைத்தால் 20 தடங்கள் போதும். தடங்கள் குறைந்தால் ஒவ்வொரு தடத்திலும் சரக்கு சேரும்; சரக்கு சேர்ந்தால் பெரிய கப்பல் ஓட்டலாம்; கப்பல் பெரிதானால் ஒரு பெட்டகத்துக்கு ஆகும் எண்ணெய்ச் செலவு இறங்கும். இவையெல்லாம் எளிதில் புரிபவை. இதைவிட வலுவான இன்னொரு விளைவு உண்டு. 1972இல் ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளியலாளர் நகரப் பேருந்துகளை ஆராய்ந்து அதை நிறுவினார். பயணிகள் கூடினால் பேருந்துகளின் எண்ணிக்கை கூடுகிறது. பேருந்துகள் கூடினால் ஒவ்வொரு பயணியும் நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரம் குறைகிறது. அதாவது புதிதாக வரும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு நன்மை செய்கிறார். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் நள்ளிரவில் இறங்கினாலும் அடுத்த வண்டி கிடைக்கும் என்ற தைரியம் இப்படித்தான் வருகிறது. பெட்டகத்துக்கும் இதே கணக்குத்தான். சிங்கப்பூரிலிருந்து ஒரு துறைமுகத்துக்கு வாரம் ஒரு கப்பல் போனால், ஏதோ ஒரு நாளில் வந்து இறங்கும் பெட்டகம் சராசரியாக மூன்றரை நாள் காத்திருக்கும். நாள்தோறும் ஒன்று போனால் அரை நாள். 120க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 600 துறைமுகங்களோடு சிங்கப்பூருக்குத் தொடர்பு இருக்கிறது. ஒரு கப்பல் நிறுவனம் அங்கே வாங்குவது இந்தத் தொடர்புகளைத்தான். கிரேனும், கப்பல் வந்து நிற்கும் தளமும் எந்த ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கும்.

சேரச் சேர வளரும் அமைப்பு, பிரியப் பிரியச் சரியவும் செய்யும். 2000ஆம் ஆண்டில் இது கண்முன்னே நடந்தது. மெர்ஸ்க் சீலேண்ட் கப்பல் நிறுவனம் தன் கப்பல் மாற்றுச் சரக்கின் பெரும்பகுதியைச் சிங்கப்பூரிலிருந்து எடுத்து, அதே கப்பல் பாதையின் ஓரத்தில் மலேசியாவின் ஜோகூரில் புதிதாகத் திறந்திருந்த தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. அந்தத் துறைமுகத்தில் 30 சதவீதப் பங்கையும் வாங்கியது. 2002இல் தைவானின் எவர்கிரீன் பின்தொடர்ந்தது. 2000இல் 1.7 கோடியாக இருந்த சிங்கப்பூரின் கணக்கு 2001இல் 1.55 கோடியாக விழுந்தது. அந்த ஆண்டு உலக வணிகமே மந்தமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீழ்ச்சி முழுவதையும் ஒரு நிறுவனத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் பாடம் தெளிவாக இருந்தது. மெர்ஸ்க் கேட்டவற்றில் முக்கியமானது தனக்கென்று ஒரு முனையம்: தன் கப்பல் வரும்போது தளம் காலியாக இருக்கும் என்ற உறுதி. எல்லாருக்கும் பொதுவான தளம் என்பதே சிங்கப்பூரின் அன்றைய கொள்கை. வாடிக்கையாளர்கள் போன பிறகு அந்தக் கொள்கை தளர்ந்தது. 2003இல் சீனாவின் காஸ்கோவுடனும் அடுத்த சில ஆண்டுகளில் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனத்துடனும் கூட்டு முனையங்கள் அமைந்தன. 2005இல் சிங்கப்பூர் ஹாங்காங்கை முந்தி உலகின் முதல் பெட்டகத் துறைமுகம் ஆனது; 2010இல் ஷாங்காய் அதை முந்தும்வரை அந்த இடத்தில் இருந்தது.

கப்பல் நிறுவனம் கேட்ட அந்த உறுதியின் விலை என்ன என்பதை வரிசைக் கோட்பாடு துல்லியமாகச் சொல்கிறது. இதன் தொடக்கம் துறைமுகத்தில் இல்லை, தொலைபேசி நிலையத்தில். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த அக்னர் எர்லாங், எத்தனை பேர் பேசுவதற்கு எத்தனை இணைப்புகள் வேண்டும் என்ற கேள்வியோடு 1909இல் இந்தக் கணிதத்தைத் தொடங்கி வைத்தார். மிக எளிய நிலையை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு தளம். கப்பல்கள் முன்பின்னாக எப்போது வேண்டுமானாலும் வருகின்றன. சரக்கு இறக்க ஆகும் நேரமும் கப்பலுக்குக் கப்பல் மாறுகிறது. அந்தத் தளம் ஆண்டில் பாதி நேரம் வேலையில் இருந்தால், ஒரு கப்பலின் சராசரிக் காத்திருப்பு, சரக்கு இறக்க ஆகும் சராசரி நேரத்துக்குச் சமம். 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் காத்திருப்பு அதைப்போல 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. பாதியிலிருந்து எண்பதுக்கு ஏறும்வரை நிர்வாகிக்கு எல்லாம் நல்லபடியாகவே தெரியும். வருமானம் கூடும், சொத்து சும்மா கிடக்கவில்லை என்ற திருப்தியும் இருக்கும். அதற்குப் பிறகு சேரும் ஒவ்வொரு சதவீதமும் முன்னதைவிட அதிகத் தாமதத்தைக் கொண்டுவரும். தளங்கள் பல இருந்தால் நிலைமை இளகும், ஏனென்றால் ஒன்று நிரம்பினாலும் இன்னொன்று ஒழியும். ஐக்கிய நாடுகள் அவையின் வணிக வளர்ச்சி அமைப்பு துறைமுகத் திட்டக் கையேட்டில் தந்த பழைய வழிகாட்டி எண்கள் இதையே சொல்கின்றன. ஒரே தளம் என்றால் 40 சதவீதத்துக்கு மேல் அதை நிரப்பாதீர்கள், மூன்று என்றால் 55, ஆறுக்கு மேல் என்றால் 70. பத்தில் மூன்று பங்கு நேரம் தளங்கள் வெறுமையாக நிற்பதைத் திட்டமிடுபவர்களே ஒரு நெறியாக வைத்திருக்கிறார்கள்.

நெரிசலுக்கு இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. அது தளம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. கப்பல் எவ்வளவு ஒழுங்காக வருகிறது என்பதைப் பொறுத்தது. ஜான் கிங்மன் என்ற கணிதவியலாளர் 1961இல் தந்த வாய்பாடு இரண்டையும் பெருக்குகிறது. வருகையில் உள்ள ஏற்ற இறக்கம் கூடினால், மொத்தச் சரக்கு ஒரு பெட்டிகூடக் கூடாவிட்டாலும் காத்திருப்பு கூடும். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பிறகு நடந்தது இந்த வாய்பாட்டின் நேரடிச் செய்முறை விளக்கம். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே போன கப்பல்கள் சூயசு கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் ஒன்றிரண்டு வாரம் நீண்டது. ஏழு நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டியவை கொத்தாக வந்தன. 2023இல் சிங்கப்பூருக்கு வந்த பெட்டகக் கப்பல்களில் 77 சதவீதம் அட்டவணை தவறி வந்தவை. 2024இல் அது ஏறத்தாழ 90 சதவீதம் ஆனது. அதே நேரத்தில் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் பெட்டகக் கணக்கு முந்தைய ஆண்டைவிட 8.8 சதவீதம் கூடியது. ஒன்பது சதவீதத்துக்குள் அடங்கும் இந்தக் கூடுதலும் அட்டவணைக் குலைவும் சேர்ந்து தந்த விளைவு என்ன தெரியுமா? வந்தவுடன் தளம் கிடைக்காத கப்பல்கள் இரண்டு மூன்று நாள் நங்கூரம் போட்டு நின்றன. உலகிலேயே நேரம் தவறாத துறைமுகம் என்று பெயர் வாங்கிய ஓர் இடத்தில் இது பெரிய செய்தி.

கடலில் நின்ற வரிசை எல்லாருக்கும் தெரிந்தது; உண்மையான இறுக்கம் கரையில் இருந்த யார்டில். அதைப் புரிந்துகொள்ள ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய ஒரே வரி விதி போதும்: ஓர் இடத்தில் தங்கியிருக்கும் பொருள்களின் எண்ணிக்கை, நாளொன்றுக்கு வருபவற்றை அவை தங்கும் நாள்களால் பெருக்கினால் கிடைப்பது. 4.11 கோடி என்ற கணக்கில் கப்பல் மாறும் ஒவ்வொரு பெட்டகமும் இறங்கும்போது ஒரு முறையும் ஏறும்போது ஒரு முறையும் எண்ணப்படுகிறது. ஆகவே நாளொன்றுக்குச் சுமார் 1.12 லட்சம் அசைவுகள் என்றால், யார்டுக்குள் வந்து போகும் பெட்டகங்கள் தோராயமாக 50,000 முதல் 60,000. அடுத்த கப்பல் ஒரு நாள் தாமதமானால் அத்தனை பெட்டகங்களுக்குக் கூடுதல் இடம் தேட வேண்டும். இரண்டு நாள் என்றால் அதைப்போல இரு மடங்கு. இடம் இல்லாதபோது அடுக்குகள் உயர்கின்றன. கீழே மாட்டிக்கொண்ட பெட்டகத்தை எடுக்க மேலே உள்ள நாலைந்தை நகர்த்த வேண்டும். கிரேனின் வேகம் குறைகிறது. கப்பல் தளத்தில் நிற்கும் நேரம் நீள்கிறது. அடுத்த கப்பல் மேலும் தாமதமாகிறது. யார்டு மேலும் நிரம்புகிறது. அந்த மாதங்களில், தாமதத்தை ஈடுகட்ட அவசரப்பட்ட கப்பல்கள் அடுத்தடுத்த துறைமுகங்களுக்குப் போகாமல் அங்கே இறக்க வேண்டியவற்றையும் சேர்த்துச் சிங்கப்பூரிலேயே இறக்கிவிட்டுத் திரும்பின. சுழல் இப்படித்தான் இறுகியது.

அதை உடைத்தது எது என்பதுதான் என் வாதத்துக்கு முக்கியம். துறைமுக நிறுவனமான பி.எஸ்.ஏ., கெப்பல் முனையத்தில் பயன்பாட்டிலிருந்து விலக்கி வைத்திருந்த பழைய தளங்களையும் யார்டையும் மீண்டும் திறந்தது. ஆட்களைக் கூட்டியது, மேற்கே துவாஸில் எழுந்துவரும் துறைமுகத்தில் புதிய தளங்களை விரைந்து இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. வாரத்துக்கு 7.7 லட்சமாக இருந்த கையாளும் திறன் 8.2 லட்சத்துக்கு உயர்ந்தது. ஆறேழு சதவீதக் கூடுதல்தான். ஆனால் காத்திருப்பைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறும் பகுதியில் ஆறேழு சதவீதம் என்பது நாள்களைக் கழித்துவிடும் அளவு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெப்பல் தளங்கள் நெருக்கடிக்காக ஒதுக்கி வைக்கப்பட்டவை அல்ல. நகரை ஒட்டிய தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்களை 2027க்குள் காலிசெய்து எல்லாவற்றையும் மேற்கே துவாஸுக்கு மாற்றுவது திட்டம். அந்த இடமாற்றத்தின் நடுவில் பழையது இன்னும் இடிக்கப்படாமலும் புதியது பாதி எழுந்தும் இருந்த வேளையில் செங்கடல் நெருக்கடி வந்தது. அவர்கள் கையில் இருந்த காலியிடம் பெருமளவு காலத்தின் தற்செயல். அடுத்த முறை அது இருக்காது.

காலியிடம் வைத்தால் சரக்கு தானாக வந்துவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இலங்கையின் அம்பாந்தோட்டை இதற்குப் பதில் சொல்கிறது. 2010 நவம்பரில் திறந்த அந்தத் துறைமுகம் உலகின் மிகப் பரபரப்பான கப்பல் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆழமும் இடமும் வேண்டிய அளவு உண்டு. ஆனாலும் பெட்டகக் கப்பல்கள் பல ஆண்டுகள் அதை எட்டிப் பார்க்கவில்லை. 2017இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. தொடர்புகளே இல்லாத இடத்தில் காலியிடத்துக்கு மதிப்பில்லை. அறுநூறு துறைமுகங்களின் தடங்கள் ஏற்கெனவே சந்திக்கும் இடத்தில்தான் அது பொன். சிங்கப்பூரும் அப்படிப்பட்ட சூதாட்டத்தை ஒரு முறை ஆடியிருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1960களில் துறைமுக ஆணையத்தின் தலைவராக இருந்த ஹவ் யூன் சொங், ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே பெட்டகக் கப்பல் விடுவதாக எந்த நிறுவனமும் உறுதி தராத நிலையில், உலக வங்கியிடம் கடன் வாங்கித் தஞ்சோங் பகாரில் பெட்டக முனையம் கட்ட முனைந்தார். 1972 ஜூன் 23 அன்று எம்.வி. நிஹோன் என்ற கப்பல் 300 பெட்டகங்களோடு வந்து அங்கே நின்றது. ஆனால் அதுவரை சிங்கப்பூர் வெறும் கரையாக இருக்கவில்லை. 1819 முதல் சுங்கவரியற்ற துறைமுகம்; சூயசு கால்வாய் 1869இல் திறந்த பிறகு நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிக்கொள்ளும் இடம். தடங்கள் முன்பே இருந்தன. தளம் தேவைக்குச் சற்று முந்தி எழுந்தது. அந்தச் 'சற்று முந்தி' என்பதைச் சரியாகக் கணிப்பதில்தான் திறமை இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. நிலமே இல்லாத நாட்டில் கடலைத் தூர்த்துக் கட்டிய தளத்தைச் சும்மா போட்டு வைப்பதா? துவாஸ் கட்டப்படும் விதத்தைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். அங்கே கடற்சுவராக நிற்பவை கான்கிரீட்டால் ஆன உட்கூடுள்ள பேழைகள். ஒவ்வொன்றும் 28 மீட்டர் உயரம், அதாவது பத்து மாடிக் கட்டடம். எடை 15,000 டன். கரையோரத்தில் வார்த்து, மிதக்கவிட்டு, இழுவைக் கப்பல்களால் இழுத்து வந்து, சமப்படுத்திய கடற்படுகையில் நீர் நிரப்பி இறக்குகிறார்கள். முதல் கட்டத்துக்கு மட்டும் இப்படி 221 பேழைகள் வரிசையாக அமர்ந்தன. நிரப்பிய மண்ணில் பாதிக்கும் மேல், கடலடியில் தோண்டியதும் நகரில் சுரங்கப் பாதை போன்றவற்றுக்கு அகழ்ந்ததும். விலைக்கு வாங்க வேண்டிய மணல் அதனால் மிச்சமானது. இதன் முறையான திறப்பு 2022 செப்டம்பர் 1. நான்கு கட்டங்களும் 2040களில் முடியும்போது ஆண்டுக்கு 6.5 கோடிப் பெட்டகங்களைக் கையாளும் திறன் இருக்கும். கட்டம் கட்டமாக வளர்வதால், தேவைக்கு ஓரடி முன்னால் நிற்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காலியிடத்தை மட்டும் சுமந்தால் போதும். அதோடு, எல்லாத் தளங்களையும் ஓரிடத்தில் சேர்ப்பதே ஒரு சேமிப்பு. மேலே சொன்ன 40, 55, 70 என்ற எண்களை மறுபடி பாருங்கள். தளங்கள் பெருகப் பெருக, அதே காத்திருப்புக்கு வைத்திருக்க வேண்டிய வெறுமையின் பங்கு குறைகிறது. பல முனையங்களாகச் சிதறிக் கிடந்தால், ஒன்றில் நெரிசல் இருக்கும்போது மற்றொன்றின் ஒழிவைப் பயன்படுத்த லாரியில் பெட்டகங்களை நகரின் சாலைகள் வழியே கடத்த வேண்டும். ஒரே கரையில் நின்றால் அந்தத் தொல்லை இல்லை. அங்கே பெட்டகங்களைச் சுமக்கும் தானோட்டி மின்வண்டிகளைப் பற்றித்தான் எல்லாரும் வியந்து எழுதுகிறார்கள். என் கணிப்பில் துவாஸின் மிகப் பெரிய ஆதாயம் இந்தச் சேர்க்கைதான்.

அமைவிடம் இருக்கும்போது இவ்வளவு கவலை எதற்கு என்பவர்களுக்குத் தஞ்சோங் பெலப்பாஸே பதில். அதே நீரிணை, அதே கப்பல் பாதை. 2025 பிப்ரவரியில் மெர்ஸ்க்கும் ஹபாக்-லாயிடும் ஜெமினி என்ற கூட்டணியைத் தொடங்கியபோது இந்தப் பகுதிக்கான மையமாக அவை தேர்ந்தெடுத்ததும் அந்தத் துறைமுகத்தையே. 90 சதவீதத்துக்கு மேல் நேரம் தவறாமை என்பது அந்தக் கூட்டணி வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு. அதற்காகவே தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள முனையங்களை நாடினார்கள். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றான ஹாங்காங் 2011இல் 2.4 கோடிப் பெட்டகங்களைக் கையாண்டது, 2024இல் 1.4 கோடியைக்கூட எட்டவில்லை. ஹாங்காங் விழுந்தது இடநெருக்கடியால் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஷென்சென் போன்ற சீனத் துறைமுகங்களுக்கே பெரிய கப்பல்கள் நேராகப் போகத் தொடங்கின. இடைத்தரகரின் தேவை போயிற்று. காலியிடம் மட்டும் ஒரு மையத்தைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. மையமாக இருப்பதற்கான மற்ற எல்லாத் தகுதியும் இருந்தும், இது இல்லாவிட்டால் அவை பயனற்றுப் போகும் என்பதே வாதம். தாய்லாந்தின் கிரா நிலத்தொடுப்பில் கால்வாய் அல்லது கடலிலிருந்து கடலுக்குத் தரைவழி இணைப்பு வரும் என்ற அச்சத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. கால்வாய் மிச்சப்படுத்துவது இரண்டு மூன்று நாள். தரைவழி இணைப்போ பெட்டகங்களைக் கூடுதலாக இறக்கி ஏற்றச் சொல்கிறது.

கிங்மன் வாய்பாட்டின் மறுபாதி இன்னொரு வழியைக் காட்டுகிறது. ஏற்ற இறக்கத்தைக் குறைத்தால், புதிய தளம் கட்டாமலே காலியிடம் பிறக்கும். சிங்கப்பூர் இதில் நெடுங்காலமாக உழைத்திருக்கிறது. 1989இல் தொடங்கிய டிரேட்நெட், சரக்கு அனுமதிக்கான தாள்களைக் கணினி வழியாக்கியது. ஆனால் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு எண்ணெய்க் குழாயில் இருக்கிறது. சிங்கப்பூர் உலகின் மிகப் பெரிய கப்பல் எரிபொருள் சந்தை. 2024இல் மட்டும் ஏறத்தாழ 5.5 கோடி டன் விற்றது. எண்ணெய்ப் படகு பெரிய கப்பலின் பக்கத்தில் ஒட்டி நின்று குழாய் வழியே ஏற்றும். எவ்வளவு ஏறியது என்பதை முன்பு தொட்டிக்குள் அளவு நாடாவை விட்டுப் பார்த்து, வெப்பநிலைக்குத் தக்கபடி திருத்திக் கணக்கிட்டார்கள். இதில் ஒரு பழைய ஏமாற்று: எண்ணெய்க்குள் காற்றை ஊதி நுரைக்க வைப்பது. தொட்டியில் மட்டம் உயர்ந்து நிற்கும். நுரை அடங்கியபின் எண்ணெய் குறைந்திருக்கும். 'கப்புச்சினோ' என்பது தொழிலில் இதற்குப் பெயர். சண்டை மூண்டால் கப்பல் கிளம்பாது. 2017 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர், உலகில் முதலாவதாக, நிறை ஓட்டமானியைக் கட்டாயமாக்கியது. இந்தக் கருவியில் எண்ணெய் வளைந்த குழாய்களின் வழியே பாய்கிறது. குழாய்கள் சீராக அதிர்ந்துகொண்டே இருக்கும். எண்ணெய் ஓடாதபோது குழாயின் நுழைவுப் பக்கமும் வெளியேறும் பக்கமும் ஒரே தாளத்தில் ஆடும். ஓடத் தொடங்கியதும் கொரியாலிஸ் விளைவால் நுழைவுப் பக்கம் ஒரு நூலிழை பிந்தும், வெளிப்பக்கம் முந்தும். அந்த நேர வித்தியாசம் பாயும் நிறைக்கு நேர்விகிதம். காற்று கன அளவைக் கூட்டும், நிறையைக் கூட்டாது. நுரை வேலைக்கு ஆகாது. சச்சரவு குறைந்ததோடு, ஒவ்வொரு முறை எரிபொருள் ஏற்றும்போதும் மூன்று மணி நேரம் வரை மிச்சம் என்று கடல்துறை, துறைமுக ஆணையம் மதிப்பிட்டது. ஆனால் எடையைச் சொல்லும் கருவி தரத்தைச் சொல்லாது. 2022 தொடக்கத்தில் கலப்பட எண்ணெய் சுமார் 200 கப்பல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய 80 கப்பல்களின் இயந்திரங்கள் தொல்லைப்பட்டன. 2024 ஜூனிலிருந்து எரிபொருளின் வேதிச் சோதனைகள் கடுமையாக்கப்பட்டன.

எரிபொருள் விஷயத்தில் காலியிடம் வேறொரு வடிவம் எடுக்கிறது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2050 வாக்கில் கப்பல் துறையின் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்க 2023இல் இலக்கு வைத்தது. அதற்கான கட்டண விதிகளை ஏற்கும் வாக்கெடுப்போ 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளிப்போடப்பட்டது. நாளைய எரிபொருள் மெத்தனாலா, அம்மோனியாவா, திரவ இயற்கை வாயுவா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சிங்கப்பூர் 2023 ஜூலையில் ஒரு பெட்டகக் கப்பலுக்கு மெத்தனால் ஏற்றிப் பார்த்தது; 2024 மார்ச்சில் ஜூரோங் தீவில் அம்மோனியாவைச் சோதித்தது. எது வெல்லும் என்று தெரியாத நிலையில் ஒன்றின்மேல் எல்லாவற்றையும் கட்டாமல், மூன்றுக்கும் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது அதே விவேகம்தான். துறைமுகத்தின் இந்த விரிவாக்கத்துக்கெல்லாம் கடல் ஒரு விலை கொடுக்கிறது என்பதை மறக்கக் கூடாது. நிலமீட்பால் சிங்கப்பூர் தன் பவளப்பாறைகளில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. துவாஸுக்காக சுல்தான் ஷோல் பகுதியிலிருந்து பவளங்களைப் பெயர்த்துத் தென்தீவுகளில் நட வேண்டியிருந்தது. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் தூர்வாரும் கப்பல் ஒன்று நின்றுகொண்டிருந்த எண்ணெய்க் கப்பலில் மோதியதில் சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்து, செந்தோசாவின் கடற்கரைகள் கறுத்தன. நெரிசலான நீர்ப்பரப்பில் விபத்துக்கான வாய்ப்பு கூடத்தான் செய்யும். தளத்தில் வேண்டிய ஒழிவு, நங்கூரப் பரப்பிலும் வேண்டும். அதைப் பாதுகாப்பின் கணக்கில் எழுத வேண்டும்.

இந்த விஷயத்தில் நம் கரைக்கும் பங்கு உண்டு. இந்தியப் பெட்டகங்களில் பெரும் எண்ணிக்கை இன்றும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவின் கிள்ளானிலும் கப்பல் மாறுகின்றன. தூத்துக்குடிப் பெட்டகம் சிறிய ஃபீடர் கப்பலில் கொழும்பு போய்த் தாய்க்கப்பல் ஏறுவது அன்றாடம் நடப்பது. கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று அந்தத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இயற்கையான ஆழம், பன்னாட்டுப் பாதைக்குச் சுமார் 10 கடல் மைல் அருகாமை என்று அதன் சிறப்புகளை எல்லாரும் அடுக்குகிறார்கள். இவை சிங்கப்பூருக்கும் தஞ்சோங் பெலப்பாஸுக்கும் ஒருசேர இருந்தவைதாம். இத்தகைய திட்டத்தை மதிப்பிட நினைக்கும் வாசகர், தளங்கள் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கின்றன என்று பெருமையோடு வெளியிடப்படும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகர வேண்டாம். அட்டவணை தவறி வந்த கப்பல் தளத்துக்காக எத்தனை மணி நேரம் நின்றது, பெட்டகம் யார்டில் எத்தனை நாள் கிடந்தது என்ற இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூரும் 2027இல் கெப்பலை மூடுவதற்கு முன் ஒன்றைச் செய்தாக வேண்டும். 2024இல் தற்செயலாகக் கைகொடுத்த அளவு தளங்களையும் யார்டையும் துவாஸில் யாருக்கும் குத்தகைக்கு விடாமல், அதிகாரபூர்வமாக, ஆண்டுக் கணக்கில் செலவாகக் காட்டி ஒதுக்கி வைக்க வேண்டும்.